விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்கு அமெரிக்காவிலிருந்தே கிரீன் கார்டு: படிப்படியான வழிகாட்டி

2024 அக்டோபரில் என் பெற்றோர் பேரக்குழந்தையைப் பார்ப்பதற்காக பி-2 விசாவில் நியூ ஜெர்சிக்கு வந்தார்கள். ஏப்ரலில் திரும்புவதற்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஜனவரியில், ஊரில் அவர்களோடு இருந்த என் தம்பிக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, அவன் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதாயிற்று. எழுபதைத் தாண்டிய இருவரை மன்னார்குடி வீட்டில் தனியே விட எங்களுக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் அவர்களுக்கு இங்கிருந்தே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தோம். அடுத்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டில் பாதி, யாராவது முன்கூட்டியே நான்கு விஷயங்களைச் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். நான் வழக்கறிஞர் அல்ல. படிவங்களை நானே நிரப்பி, ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் அனுப்பி முடித்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

1. இந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

விசிட்டராக நாட்டுக்குள் வந்த ஒருவர், வெளியே போகாமலேயே நிரந்தரவாசியாக, அதாவது கிரீன் கார்டுதாரராக, மாறுவதற்கு ‘அட்ஜஸ்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட்டஸ்’ என்று பெயர். பெற்றோருக்கு இதைச் செய்ய வேண்டுமானால் நீங்கள் அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும்; உங்களுக்கு 21 வயது நிறைந்திருக்கவும் வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் தம் பெற்றோருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இதைத் தெரியாமல் படிவம் வாங்கி நிரப்பிக்கொண்டிருந்த இருவரை நானே சந்தித்திருக்கிறேன்.

குடிமக்களின் பெற்றோர், வாழ்க்கைத் துணை, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள் ஆகியோர் ‘நெருங்கிய உறவினர்’ என்ற பிரிவில் வருகிறார்கள். இவர்களுக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு இல்லாததால் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இந்தப் பிரிவில் இல்லை. அவர்கள் விசிட்டர் விசாவில் வந்திருந்தாலும் இந்த வழி அவர்களுக்குத் திறக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பிரிவில் ‘உடன் வருபவர்’ என்ற ஏற்பாடு கிடையாது. அப்பாவுக்கு ஒரு விண்ணப்பம், அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம் என்று எல்லாமே இரண்டு கட்டுகள், இரண்டு கட்டணங்கள்.

2. எப்போது முடிவெடுத்தீர்கள்?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் முக்கியம் என்பதால் இதில் சற்று நேரம் செலவிடுகிறேன். பி-2 விசா, திரும்பிப் போவேன் என்ற உறுதியின் பேரில் தரப்படுவது. இங்கேயே தங்கிவிட வேண்டும் என்று ஊரிலேயே முடிவு செய்துவிட்டு, விமான நிலையத்தில் அதிகாரியிடம் “பேரனைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன்” என்று சொன்னால், அது தவறான தகவல் தந்து நாட்டுக்குள் நுழைந்ததாகக் கருதப்படலாம். அப்படி ஒரு முடிவு பதிவாகிவிட்டால் அது வாழ்நாள் தடை. அந்தத் தடைக்கு விலக்கு கோருவதற்கு, விண்ணப்பிப்பவரின் துணையோ பெற்றோரோ குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்து, அவருக்குக் கடும் துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே மகனை நம்பி வந்த பெற்றோருக்கு, மகனைக் காட்டி அந்த விலக்கை வாங்க முடியாது.

‘90 நாள் விதி’ என்று எல்லோரும் பேசிக்கொள்வது, வெளியுறவுத் துறையின் கையேட்டில் உள்ள ஒரு வழிகாட்டுதல். நுழைந்த 90 நாளுக்குள் விசாவின் நோக்கத்துக்கு முரணாக நடந்துகொண்டால், வரும்போதே அந்த எண்ணம் இருந்தது என்று அனுமானிக்கலாம் என்கிறது அது. குடியேற்ற விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் யூ.எஸ்.சி.ஐ.எஸ். இந்தக் கையேட்டுக்குக் கட்டுப்பட்டதல்ல என்றாலும், அதிகாரி எண்ணத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்கப்போவதில்லை. 91-ஆம் நாள் அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப் குழுக்களில் சொல்வதை நம்பாதீர்கள். நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தவர் என்பதே சில சமயம் எண்ணத்துக்குச் சான்றாகிவிடும்.

முடிவு உண்மையிலேயே வந்த பிறகுதான் எடுக்கப்பட்டது என்றால், அதைக் காட்டும் காகிதங்களை எடுத்து வையுங்கள். எங்கள் விஷயத்தில் திரும்பும் டிக்கெட்டின் பிரதி, தம்பியின் வேலை நியமனக் கடிதம், அவன் கிளம்பிய தேதி ஆகிய மூன்றும் இருந்தன. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கோப்பில் வைத்திருந்தேன்.

முடிவு ஊரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்றால், தயவுசெய்து இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டுத் தூதரக வழியில் செல்லுங்கள். நீங்கள் இங்கிருந்து ஐ-130 என்ற உறவினர் மனுவை அனுப்புகிறீர்கள். அது ஏற்கப்பட்டபின் பெற்றோர் மும்பையிலுள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகிறார்கள். காத்திருப்பு நீளும், ஆனால் செலவு குறைவு. இணையவழி ஐ-130-க்கு 625 டாலர், குடியேற்ற விசாவுக்கு 325, வருமான உறுதிமொழிச் சரிபார்ப்புக்கு 120, கார்டு அச்சிட 235 என்று ஆளுக்கு 1,305 டாலரில் முடியும். ஐ-130 நிலுவையில் இருக்கும்போது ‘சும்மா பார்த்துவிட்டு வரலாம்’ என்று விசிட்டராக வரவழைப்பது இன்னொரு பொறி: மனு இருப்பது அதிகாரியின் திரையிலேயே தெரியும்.

3. ஐ-94-ஐ இறக்கிக்கொள்ளுங்கள்

விசாவில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியும் தங்க அனுமதிக்கப்பட்ட கடைசித் தேதியும் வேறு வேறு. பத்து வருட விசா இருந்தாலும் ஒவ்வொரு வருகைக்கும் பொதுவாக ஆறு மாதம்தான். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைத் தந்தால், இந்தக் கடைசித் தேதியைக் காட்டும் வருகைப் பதிவான ஐ-94 கிடைக்கும். இதுவும், முத்திரையிட்ட பாஸ்போர்ட் பக்கமும், விசாப் பக்கமும் சேர்ந்துதான் ‘முறைப்படி பரிசோதிக்கப்பட்டு அனுமதிக்கப்பட்டவர்’ என்பதற்கு ஆதாரம்.

நெருங்கிய உறவினர் பிரிவில், ஐ-94 தேதி கடந்த பின்னரும் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அதை நம்பி மெத்தனமாக இருக்காதீர்கள். 2025 பிப்ரவரி இறுதியில் வந்த கொள்கைக் குறிப்பின்படி, விண்ணப்பம் மறுக்கப்பட்டு அப்போது சட்டப்படியான தங்கும் உரிமையும் இல்லாமல் இருந்தால், குடியேற்ற நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் அழைப்பாணை தரப்படலாம். தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், அது நிலுவையில் இருக்கும் வரை இங்கே தங்குவது அனுமதிக்கப்பட்ட தங்கலாகவே கருதப்படும்.

4. ஊரிலிருந்து வரவேண்டிய ஆவணங்கள்

உங்கள் நேரத்தில் பாதியை இதுதான் தின்னும். படிவம் நிரப்பத் தொடங்கும் முன்பே ஊரில் ஓடியாடக்கூடிய ஒருவரைப் பிடித்துவிடுங்கள். எங்களுக்கு என் சித்தப்பா கிடைத்தார். இரண்டு சான்றிதழ்களுக்காக அவர் ஏழு முறை அலுவலகம் ஏறி இறங்கினார்.

முதலில் உங்கள் பிறப்புச் சான்றிதழ். அதில் அம்மா, அப்பா இருவர் பெயரும் இருக்க வேண்டும். உங்கள் பெயரும் இருக்க வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிறந்த பலருக்குக் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும், பிறந்த அன்றே மருத்துவமனை தகவல் கொடுத்துவிட்டதால். என் சான்றிதழும் அப்படித்தான் இருந்தது. பதிவு செய்த நகராட்சியிலேயே பெயரைச் சேர்த்துப் புதிய பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கான மனுவில் உங்கள் பிறப்புச் சான்றிதழும் குடியுரிமைச் சான்றும் போதும். அப்பாவுக்கான மனுவில் இவற்றோடு பெற்றோரின் திருமணச் சான்றும் கேட்கப்படும். 1970-களில் கோயிலிலோ வீட்டு வாசல் பந்தலிலோ கல்யாணம் செய்தவர்களில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள்? என் பெற்றோர் செய்யவில்லை. இப்போது பதிவு செய்யலாம் என்றாலும் தம்பதியர் இருவரும் சார்பதிவாளர் முன் நேரில் நிற்க வேண்டும். அவர்களோ நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள். பதிவு இல்லை என்பதற்கான அலுவலகக் கடிதத்தோடு, கல்யாணத்தை நேரில் பார்த்த இரண்டு பெரியவர்களின் பிரமாணப் பத்திரம், 1974-ஆம் வருடத்துக் கல்யாணப் பத்திரிகை, ஒருவர் பெயர் மற்றவரின் துணையாக அச்சிடப்பட்ட பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம், அப்பாவின் ஓய்வூதிய ஆணையில் அம்மா பெயர் இருக்கும் பக்கம் ஆகியவற்றை இணைத்தோம். அந்தப் பத்திரிகையை அத்தை தன் பீரோவில் மஞ்சள் துணியில் சுற்றி ஐம்பது வருடம் வைத்திருந்தார். மஞ்சள் தடவிய மூலையோடு அதை அப்படியே ஸ்கேன் செய்து, மொழிபெயர்ப்போடு வைத்தோம்.

அடுத்தது பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ். வீட்டில் பிறந்த, பதிவே செய்யப்படாத தலைமுறை அது. பிறப்புப் பதிவு ஏட்டில் இல்லை என்று பதிவாளர் தரும் சான்றை முதலில் வாங்க வேண்டும். அதில் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் நான்கும் இருக்கட்டும். ‘தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரிக் கடிதம் போதாமல் போகலாம். அதற்குத் துணையாகப் பள்ளி ஆவணம் வேண்டும். அப்பாவிடம் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தது, அம்மா எட்டாவதோடு நின்றவர் என்பதால் பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலை வாங்கினோம். கூடவே, அவர்கள் பிறந்ததை அறிந்த, அவர்களைவிட மூத்த இருவரின் பிரமாணப் பத்திரம். எழுபத்தைந்து வயதானவர் பிறந்ததை அறிந்தவரை இப்போது எங்கே தேடுவது என்று திகைக்காதீர்கள். பெரியம்மா, மாமா வகையில் யாராவது இருப்பார்கள். குடும்பத்தின் மூலம் நேரடியாக அறிந்தவர் என்பதை எழுத்தில் தெளிவாகச் சொன்னால் போதும்.

பிறந்த தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அம்மா பிறந்தது ஐப்பசி மாதம் சதய நட்சத்திரத்தில். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிய தேதியோ ஜூன் 1. பாஸ்போர்ட்டில் இருப்பதும் அதுவே. எல்லா ஆவணமும் பாஸ்போர்ட் தேதியையே சொல்ல வேண்டும். ஆர்வக்கோளாறில் ஜாதகத்தை இணைத்துவிடாதீர்கள்.

தமிழில் உள்ள ஒவ்வொரு காகிதத்துக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், ‘எனக்கு இரு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு’ என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் தேவை. முத்திரையில் இருக்கும் எழுத்துகளையும் மொழிபெயர்க்க வேண்டும். நோட்டரி கையெழுத்து தேவையில்லை; அதற்குப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

5. பெயர்ச் சிக்கல்

தமிழர்களுக்கென்றே வாய்த்த சிக்கல் இது. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லாததால், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, முழுப் பெயரையும் மற்றக் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க விசா அந்தப் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதற்பெயராக ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சிடுகிறது. ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம் அது. என் அம்மாவின் ஐ-94-இலும் அதுவே. இதைச் சரி செய்யாவிட்டால் கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, மாநில அடையாள அட்டை எல்லாவற்றிலும் அந்த மூன்றெழுத்து ஏறி உட்கார்ந்துகொள்ளும். மருந்துக்கடையில் அம்மாவை ‘ஃபனூ’ என்று கூப்பிட்டதை நான் என் காதால் கேட்டேன்.

நேரம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே இந்தியத் துணைத் தூதரகத்தின் மூலம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, பெயரை இரண்டு கட்டமாகப் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். படிவத்தில் புதிய பெயரை எழுதி, விசாவில் இருக்கும் பழைய வடிவத்தை ‘பயன்படுத்திய மற்றப் பெயர்கள்’ பகுதியில் சேர்க்க வேண்டும். லட்சுமி ஓரிடத்தில் லக்ஷ்மியாகவும், இனிஷியல் ஓரிடத்தில் விரிந்தும் இருந்தால், இவை அனைத்தும் ஒரே நபரைக் குறிப்பவை என்று ஒரு பிரமாணப் பத்திரம் வையுங்கள். அந்த எல்லா எழுத்து வடிவங்களும் அதே பகுதியில் இடம்பெற வேண்டும்.

6. வருமான உறுதிமொழி: ஐ-864

பெற்றோர் அரசுக்குச் சுமையாக மாட்டார்கள் என்று நீங்கள் கையெழுத்திடும் சட்டப்படியான ஒப்பந்தம் இது. வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் உங்களுக்கு இருக்க வேண்டும். நான், மனைவி, இரண்டு குழந்தைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேர் கணக்கு. 2025-ஆம் ஆண்டு எண்ணின்படி அதற்கு 53,937 டாலர். ஆண்டுதோறும் இந்த எண் மாறும். போதாவிட்டால் ஒரே வீட்டில் இருக்கும் துணையின் வருமானத்தை ஐ-864ஏ மூலம் சேர்க்கலாம், அல்லது வேறொருவரைக் கூட்டு ஆதரவாளராகக் கொண்டுவரலாம்.

சென்ற ஆண்டின் வரிக் கணக்கு டிரான்ஸ்கிரிப்டை வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அத்துடன் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று), சமீபத்திய சம்பளச் சீட்டுகள், வேலை உறுதிக் கடிதம். பெற்றோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஐ-864.

கையெழுத்திடும் முன் இதன் நீளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோர் குடியுரிமை பெறும் வரையோ, சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும் வரையோ, நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போகும் வரையோ, நீங்களோ அவரோ இறக்கும் வரையோ அது உங்களைக் கட்டும்.

7. மருத்துவப் பரிசோதனை: ஐ-693

யூ.எஸ்.சி.ஐ.எஸ். அங்கீகரித்த ‘சிவில் சர்ஜன்’ மட்டுமே இதைச் செய்யலாம். உங்கள் குடும்ப டாக்டர் போதாது. 2024 டிசம்பர் 2 முதல் இந்தப் படிவத்தை ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்துடன் சேர்த்தே அனுப்ப வேண்டும்; பிறகு தருகிறேன் என்றால் முழுக் கட்டும் திரும்பி வரலாம். 2025 ஜூனிலிருந்து, எந்த விண்ணப்பத்தோடு அனுப்பப்பட்டதோ அது நிலுவையில் இருக்கும்வரை மட்டுமே இந்தப் பரிசோதனை செல்லும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாலோ மறுக்கப்பட்டாலோ மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லை. மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒரே ஊரில் ஒன்றுக்கு இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தது. தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும் கட்டணத்தில் அடங்குமா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். காசநோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். 1957-க்கு முன் பிறந்தவர்களுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி கேட்பதில்லை. டெட்டனஸ், வயதானவர்களுக்கான நிமோனியா ஊசி, குளிர்காலத்தில் ஃப்ளூ ஊசி ஆகியவை கேட்கப்படும். சில மருந்துக்கடைச் சங்கிலிகளில் ஊசி போட்டு ரசீது கொண்டுபோவது மலிவாக முடிந்தது.

டாக்டர் மூடி ஒட்டித் தரும் உறையை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு நகல் தனியே தரச் சொல்லி, கிளினிக்கை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் பாருங்கள். அப்பாவின் நகலில் டாக்டர் கையெழுத்திட்டுத் தேதியை எழுத மறந்திருந்தார்; அங்கேயே உட்கார்ந்து புதிய உறை வாங்கிக்கொண்டு வந்தோம்.

8. படிவங்களும் கட்டணமும்

ஒருவருக்கான கட்டில் ஐ-130 (நீங்கள் தரும் மனு), ஐ-485 (பெற்றோர் தரும் விண்ணப்பம்), ஐ-864, ஐ-693 ஆகியவை கட்டாயம். ஐ-131 (வெளியே போய்த் திரும்புவதற்கான முன் அனுமதி), ஐ-765 (வேலை அனுமதி) இரண்டும் விருப்பம்.

கட்டணம்: ஐ-130 காகிதத்தில் 675 டாலர், இணையத்தில் 625, ஐ-485 1,440, ஐ-131 630, ஐ-765 260. ஐ-864-க்கு இந்த வழியில் கட்டணமில்லை; கைரேகைக்கும் தனிக் கட்டணம் இல்லை. எல்லாம் சேர்த்துக் காகிதத்தில் ஆளுக்கு 3,005 டாலர், இருவருக்கு 6,010. என் அனுபவத்தில் ஐ-131-க்கான 630 டாலர் வீண்செலவு அல்ல. காரணம் பத்தாவது படியில். வேலைக்குப் போகாத பெற்றோருக்கு வேலை அனுமதி எதற்கு என்று தோன்றும். அதைக் காட்டினால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் மாநில அடையாள அட்டையும் முன்னதாகக் கிடைக்கும். அவசரம் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

என் முதல் கட்டு திரும்பி வந்தது இங்கேதான். ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதைக் கவனிக்காமல், மொத்தத் தொகையையும் ஒரே கார்டுப் படிவத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, மேலே ஒரு நீலத்தாளோடு கட்டு வாசலில் கிடந்தது. ஐ-94 முடிய இரண்டே வாரம் பாக்கி. அந்த மூன்று வாரத்தில் ஐ-485-க்குப் புதிய பதிப்பும் வந்திருந்தது. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்புத் தேதியைப் பார்க்கத் தோன்றியது என் அதிர்ஷ்டம். இரவோடு இரவாக இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்களை இருவருக்கும் மறுபடி நிரப்பினோம். அனுப்பும் நாளன்று பதிப்பையும் கட்டணத்தையும் முகவரியையும் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு காசோலையும் மணியார்டரும் ஏற்கப்படுவதில்லை. கார்டுக்கு ஜி-1450, வங்கிக் கணக்குக்கு ஜி-1650.

கையெழுத்து மையால் இடப்பட வேண்டும். அம்மா தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். ஆங்கிலத்தில் பழக்க வேண்டுமோ என்று ஒரு வாரம் ஏட்டில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். தேவையே இல்லை. கையெழுத்து ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது, வழக்கமாகப் போடும் கையெழுத்தாக இருந்தால் சரி.

ஐ-485-இன் கேள்விப் பட்டியலை நீங்களே ‘இல்லை, இல்லை’ என்று குறித்துக்கொண்டு போகாமல், ஒவ்வொன்றையும் பெற்றோருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி வரும். டெல்டா மாவட்டங்களில் விவசாயச் சங்கம், கட்சி என்று இருந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது சடங்குக் கேள்வி அல்ல. உறுப்பினராக இருந்து, விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விலகியிருந்தால் பொதுவாக விதிவிலக்கு உண்டு; மறைத்தால் அதுவே பொய்த் தகவல் ஆகிவிடும். இந்த இடத்தில் மட்டுமாவது ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துப் பேசுங்கள். பழைய விசா மறுப்பு, முந்தைய வருகையில் கூடுதலாகத் தங்கியது, எந்தக் காலத்திலாவது போலீஸ் வழக்கு ஆகியவை இருந்தாலும் அப்படியே.

குடியுரிமைச் சான்றிதழை நகலெடுப்பது குற்றம் என்று அதிலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சட்டப்படியான காரணமின்றி நகலெடுப்பதைத்தான் அது சொல்கிறது. விண்ணப்பத்துக்கு நகல்தான் அனுப்ப வேண்டும். அசல் எதையும் அனுப்பாதீர்கள்.

9. அனுப்பிய பிறகு

எங்களுக்கு நடந்த கணக்கு இது: பத்து நாளில் ரசீதுகள், ஐந்து வாரத்தில் கைரேகை, மூன்று மாதத்தில் வேலை அனுமதி, ஆறு மாதத்தில் பயண அனுமதி, ஒன்பது மாதத்தில் கார்டு. இது உங்கள் ஊர் அலுவலகத்தைப் பொறுத்து மாறும். கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தால், அதில் குறித்த தேதிக்குள், கேட்ட எல்லாவற்றையும் ஒரே தடவையாக அனுப்ப வேண்டும். பாதி இப்போது, பாதி பிறகு என்பது நடக்காது. வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும், பெற்றோர் பெயரிலும் தனியாக.

10. முன் அனுமதியின்றி விமானம் ஏறாதீர்கள்

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, பயண முன் அனுமதி கையில் வரும் முன் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். பாஸ்போர்ட்டில் விசா செல்லுபடியாக இருக்கிறதே என்று வாதிட முடியாது. ஜூலையில் என் பெரிய மாமா மன்னார்குடியில் காலமானார். அம்மாவுக்கு உடன்பிறந்த ஒரே அண்ணன். அனுமதி அப்போது வந்திருக்கவில்லை. அவசரக் காரணத்துக்கு உள்ளூர் அலுவலகத்தில் நேரில் கேட்டுப் பெறும் வழி உண்டு, அதற்கு முன்பதிவு வேண்டும். எங்களுக்கு நேரம் கிடைப்பதற்குள் பத்தாம் நாள் காரியமே முடிந்துவிட்டது. அம்மா வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் பார்த்தார். விண்ணப்பிக்கும் முன்பே இந்தச் சாத்தியத்தைப் பெற்றோரிடம் பேசிவிடுங்கள், ‘ஆறேழு மாதம் எது நடந்தாலும் போக முடியாமல் போகலாம்’ என்று வாய்விட்டுச் சொல்லி.

11. நேர்காணல்

பெற்றோர் விண்ணப்பங்களில் பலருக்கு நேர்காணல் இல்லாமலேயே முடிந்துவிடுகிறது, அம்மாவுக்கு அப்படித்தான். அப்பாவுக்கு மட்டும் அழைப்பு வந்தது. மனுதாரரான நீங்களும் போக வேண்டும். ஆங்கிலம் போதாதவர் மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போகலாம். குடும்பத்தைச் சேராத ஒருவர் நல்லது. அவரும் அப்பாவும் அதிகாரி முன்னால் ஜி-1256-இல் கையெழுத்திட வேண்டும், ஆகவே முன்கூட்டிப் போட்டுவிடாதீர்கள். அசல் ஆவணங்கள் அனைத்தும் கையில் இருக்கட்டும். அப்பாவிடம் கேட்டது எப்போது வந்தார், எதற்கு வந்தார், எப்போது தங்க முடிவு செய்தார், ஏன் என்பதுதான். நடந்ததை நடந்தபடியே சொன்னார், இருபது நிமிடத்தில் முடிந்தது.

12. கார்டு வந்த பிறகு

ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருக்க விரும்பும் பெற்றோருக்குக் கிரீன் கார்டு வசதியல்ல. 180 நாளைத் தாண்டி வெளியே இருந்தால் திரும்பும்போது கேள்வி வரும். மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஓராண்டைத் தாண்டினால் கார்டையே இழக்க நேரிடும். அவர்களுக்கு பி-2 விசாவே மேல்.

பலரும் கோட்டைவிடுவது வரியில். கார்டு கிடைத்த பிறகு உலகில் எங்கே வரும் வருமானமும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்டப்பட வேண்டும்: ஓய்வூதியம், வீட்டு வாடகை, வைப்புத்தொகை வட்டி எல்லாமே. ஊரிலுள்ள வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைத் தெரிவிக்கும் எஃப்பார் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். அஞ்சலகத்தில் அம்மா சத்தமில்லாமல் போட்டு வைத்திருந்த மூன்று வைப்புத்தொகைகள் அப்போதுதான் வெளியே வந்தன. இந்தியாவிலும் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அரசு ஓய்வூதியதாரர் என்றால் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றை இந்தியத் துணைத் தூதரகத்தில் பெற்று அனுப்பலாம்.

மருத்துவக் காப்பீட்டை விண்ணப்பம் அனுப்பும் முன்பே திட்டமிடுங்கள். 65 வயதைக் கடந்தவர்கள், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பணம் கட்டிச் சேர்வதற்குக் கூட நிரந்தரவாசியாகத் தொடர்ந்து ஐந்து ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும். இடைக்காலத்தில் அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்கலாம், கார்டு கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். கார்டு கிடைத்த மகிழ்ச்சியில் நாங்கள் 52-ஆவது நாள்தான் இதைப் பார்த்தோம்.